லேசான கோடும் கோடுதான்

ஜனவரி 3, திங்கள்

புது டைரியைப் பிரித்தாயிற்று. பெண்கள் விடுதிக் காப்பாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் இந்தப் பழக்கம் என்னை விடவில்லை. அன்றைக்கு யார் வந்தார்கள், யார் போனார்கள், யார் இருமினார்கள் என்று எழுதி வைக்காவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது. நான் மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டால் கொடியில் காய்கிற துணிகூட நேராகத் தொங்கும் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்களாம். பேசட்டும். குளிக்காமல் ஒருத்தி என் சாப்பாட்டுக் கூடத்துக்குள் கால் வைத்தது கிடையாது.

மகள் சங்கரிக்கு வளைகாப்பு நாள் குறித்துவிட்டோம். இந்த மாதம் 27, வியாழக்கிழமை, பாளையங்கோட்டையில் நம் வீட்டில். கையில் வளையல் ஏறியதும் பிள்ளை இங்கேயே தங்கிவிடுவாள். பிரசவமும் இங்கேதான், டாக்டர் ஜெசிந்தாவிடம். எல்லாம் பேசி முடித்த பிறகு ஒமைக்ரான் என்று புதுக் கொரோனா ஒன்று கிளம்பி வந்திருக்கிறது. டாக்டரம்மா இன்று போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஒம்பதாம் மாசம்மா. உங்க வீட்டுல ஒருத்தருக்கு இருந்தாலும் சங்கரிய அங்க கொண்டு வரக் கூடாது. தூத்துக்குடியிலயே இருக்கட்டும். தேவைப்பட்டா பிரசவத்தையும் அங்கேயே பாத்துக்கலாம்."

தூத்துக்குடியில் என்றால் சம்பந்தி பேராச்சி அம்மாள் கையில் என்று அர்த்தம். மாப்பிள்ளை மகாராஜனும் சங்கரியும் தனி வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் பேராச்சி மைனி அடுத்த தெருவிலிருந்து தினமும் தூக்குச்சட்டியோடு புறப்பட்டு வந்துவிடுகிறாள். என் வயிற்றுப் பிள்ளை பெறப்போகிற பிள்ளையை அவள் முதலில் வாங்கி மடியில் போட்டுக்கொள்வதா? நான் உயிரோடு இருக்கும்வரை நடக்காது.

ஏற்கெனவே முதல் வளையல் விஷயத்தில் எனக்கும் அவளுக்கும் ஒரு சுற்று முடிந்திருக்கிறது. "மாமியாதான் மொத வளையல் போடணும், அது எங்க வழக்கம்" என்றாள். "பெத்தவதான் போடணும், அது எங்க வழக்கம்" என்றேன். இரண்டு வழக்கமும் அந்த நிமிஷத்தில்தான் பிறந்தது என்று இவர் சொன்னார். இவர் என்றால் என் வீட்டுக்காரர் கோமதிநாயகம். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எப்போது வாய் திறக்கக் கூடாதோ அப்போது திறப்பார்.

ஜனவரி 6, வியாழன்

மாப்பிள்ளை ரேபிட் டெஸ்ட் கிட் ஒரு பெட்டி வாங்கி இரண்டு வீட்டுக்கும் பங்கு வைத்து அனுப்பியிருக்கிறார். பஞ்சுக்குச்சியை மூக்கில் விட்டுச் சுழற்றி, மருந்துத் தண்ணீரில் முக்கி, அந்தத் தண்ணீரைக் கிட்டில் சொட்ட வேண்டும். ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு கோடு வந்தால் இருக்கிறது. பச்சைப் பிள்ளைக்கும் புரியும்.

சாயங்காலம் எல்லாரையும் வீடியோ காலில் கூப்பிட்டுச் சட்டதிட்டம் சொன்னேன். இரண்டு வீட்டாரும் வாரம் தவறாமல் எடுக்க வேண்டும், எடுத்த கையோடு போட்டோ அனுப்ப வேண்டும். பேராச்சி மைனிக்குச் சந்தேகம் வந்தது.

"கோடு லேசா தெரிஞ்சா என்ன செய்ய மைனி?"

"லேசான கோடும் கோடுதான் மைனி. பரீட்சையில லேசா பிட் அடிச்சா அது பிட் இல்லையா?"

அவள் சட்டென்று முந்தானையைச் சரிசெய்தாள். பத்தாம் வகுப்பில் பிட் அடித்த முகம் அது, எனக்குத் தெரியாதா.

ஜனவரி 7, வெள்ளி

முதல் பரிசோதனை. எதைச் செய்தாலும் முறையாகச் செய்ய வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். நொச்சியும் மஞ்சளும் போட்டு வியர்க்க வியர்க்க ஆவி பிடித்தேன். மூக்கை இரண்டு பக்கமும் நன்றாகச் சீந்தி, உப்புத் தண்ணீர் விட்டு அலசி, தொண்டை வரை கொப்பளித்துத் துப்பினேன். அதற்குப் பிறகுதான் குச்சியைத் தொட்டேன். சம்பந்தி வீட்டுக்குப் போகிற போட்டோ. அழுக்கு மூக்கோடு எடுக்க முடியுமா?

ஒரே கோடு. பளிச்சென்று, வகிடு எடுத்த மாதிரி.

இவரையும் அதே முறையில் குளிக்க வைத்து, ஆவி பிடிக்க வைத்து உட்கார்த்தினேன். குச்சியைக் கையில் கொடுத்தால் மூக்கு வாசலில் கோலம் போட்டுவிட்டுத் திருப்பித் தருகிறார். பிடுங்கி நானே விட்டேன். "கொல்லுதாளே" என்று இவர் கத்தியது காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி எஸ்தர் டீச்சர் வீடுவரை கேட்டிருக்கிறது. டீச்சர் எட்டிப் பார்த்து "சாருக்கு என்னாச்சு?" என்றார். "ஒண்ணுமில்ல டீச்சர், நெகட்டிவ்" என்றேன்.

ஜனவரி 9, ஞாயிறு

முழு ஊரடங்கு. இவர் நடைப்பயிற்சிக்குப் போக முடியாமல் கூண்டில் அடைத்த புலி மாதிரி ஹாலில் நடக்கிறார். நடைப்பயிற்சியின் மேல் ஒருவருக்கு இவ்வளவு ஆசையா என்று ஆச்சரியமாக இருக்கிறது.

ஜனவரி 12, புதன்

நடைப்பயிற்சியின் ரகசியம் பிடிபட்டது. சட்டையில் வாழைக்காய் பஜ்ஜி எண்ணெய். மைதானத்து ஓரத்தில் டீக்கடை ஒன்று இருக்கிறதாம். பென்ஷன்காரர்கள் அத்தனை பேரும் மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு அங்கே அரசியல் பேசுகிறார்களாம்.

"எல்லாரும் நெகட்டிவ்தான் செம்பகம். நேத்து எடுத்தோம்னு சொன்னாங்க" என்றார்.

சரி, நெகட்டிவ் என்றால் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 14, வெள்ளி

பொங்கல். பால் பொங்கியதும் போன் அடித்தது. பேராச்சி மைனி. போட்டோ ஒன்றை அனுப்பிவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறாள். ஒரு கோடு சிவப்பாக, பக்கத்தில் இன்னொன்று. அந்த இரண்டாவது கோட்டைப் பார்க்க எனக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. ஆனால் இருந்தது.

"ஒடம்புக்கு ஒண்ணுமே இல்ல மைனி. காச்சல் இல்ல, இருமல் இல்ல. வெளிச்சத்துல பாத்தாத் தெரியுது, நெழல்ல பாத்தாத் தெரியல" என்றாள்.

"லேசான கோடும் கோடுதான் மைனி" என்றேன். "நீங்க இனிமே சங்கரி வீட்டுப் பக்கமே போகக் கூடாது."

"இன்னைக்குப் பொங்கலு மைனி. பிள்ளைக்குன்னு தனியா கொஞ்சம் வச்சிருக்கேன். வாசல்ல வச்சுட்டு வந்துருதேனே?"

"வாசலும் வீடுதான்."

போனை வைத்துவிட்டாள். சங்கரியும் மாப்பிள்ளையும் எடுத்துப் பார்த்தார்கள், இருவருக்கும் ஒரே கோடு. முருகா, காப்பாற்றினாய்.

பேராச்சியை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. நல்ல நாளும் அதுவுமாகத் தனியாகக் கிடக்கிறாள். எனக்கு மனசே கேட்கவில்லை. சர்க்கரைப் பொங்கல் இரண்டாவது முறையும் போட்டுச் சாப்பிட்டேன்.

ஜனவரி 15, சனி

முதல் வளையல் நான்தான் போடுவேன் என்று இன்று எல்லாருக்கும் தெரிவித்தேன். யாரும் எதிர்க்கவில்லை. எதிர்க்க வேண்டியவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறாள்.

ஜனவரி 19, புதன்

இவர் இருமுகிறார். கரும்பு கடித்த வினை. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஒரு முழுக் கரும்பைச் சவைத்தார்.

"டீக்கடை சுப்பையாவுக்கு ஒடம்பு சரியில்லையாம் செம்பகம். கடைய ரெண்டு நாளா தொறக்கல."

"கரும்பு தின்னிருப்பான்" என்றேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று இவரைக் குளிக்க, ஆவி பிடிக்க, அலச, கொப்பளிக்க வைத்து எடுத்தேன். ஒரே கோடு. பார்த்தீர்களா, கரும்புதான்.

ஜனவரி 21, வெள்ளி

ஒத்திகையாகப் புளிசாதம் கிண்டினேன். வளைகாப்புச் சோறு ஐந்து வகையும் என் கையால்தான், சமையல்காரனை நம்புவதாக இல்லை. இவர் இரண்டு தட்டுச் சாப்பிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் சமையலில் குறை சொல்லாமல் இவர் எழுந்தது இதுதான் முதல் தடவை. எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. எஸ்தர் டீச்சருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன்.

சாயங்காலம் டீச்சர் கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். "தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு தடவ உப்புப் போட்டுட்டீங்களோ? வாயிலயே வைக்க முடியல."

டீச்சருக்கு ரத்தக்கொதிப்பு. உப்பு என்றாலே பயம்.

ஜனவரி 22, சனி

தொண்டையில் முள் குத்தின மாதிரி இருக்கிறது. பனி. காலையில் கோலம் போடும்போது தலையில் முக்காடு போடாத குற்றம்.

எடுத்துப் பார்த்தேன், ஒரே கோடு. மத்தியானம் இன்னொன்று எடுத்தேன், அதுவும் ஒரே கோடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். அறிவியல் என்றால் இதுதான் என்று கீழே எழுதினேன்.

ஜனவரி 24, திங்கள்

பேராச்சி மைனிக்கு விடுதலை. இன்று எடுத்ததில் ஒரே கோடு. முந்தாநாள் எடுத்ததிலும் ஒரே கோடாம். அதை ஏன் எனக்கு அனுப்பவில்லை என்று கேட்டேன்.

"ஒண்ண மட்டும் நம்பி வெளிய வரக் கூடாதுன்னு ரெண்டாவதும் எடுத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன் மைனி. சரி, அது என்ன உங்க கொரலு கம்மிக் கெடக்கு?"

"பொங்கலோ பொங்கல்னு கத்துனது."

"பொங்கல் முடிஞ்சு எத்தன நாளாச்சு மைனி!"

"நான் எதையும் அரைகுறையாச் செய்ய மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என்ன ஒரு குறுகுறுப்பு பாருங்கள் அந்த அம்மாளுக்கு.

ஜனவரி 25, செவ்வாய்

வளையல் வாங்கி வந்தாயிற்று. பச்சையும் சிவப்பும் கலந்து, கண்ணாடி. அந்தப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பகலிலேயே தூங்கிவிட்டேன். பகலில் தூங்குகிற வழக்கம் எனக்குக் கிடையாது.

ஜனவரி 26, புதன்

டாக்டர் ஜெசிந்தா தானாகவே கூப்பிட்டார். சங்கரி கோள் சொல்லியிருக்கிறாள். அம்மா குரல் சரியில்லை, அப்பா இருமுகிறார் என்று. பெற்ற பிள்ளை.

"எப்பம் டெஸ்ட் எடுத்தீங்கம்மா?"

"எடுத்துக்கிட்டேதான் இருக்கேன் டாக்டர். அத்தனையும் நெகட்டிவ். பெட்டில கடைசியா மூணு கிட்டுதான் கெடக்கு."

"தொண்ட வலி இருக்கா?"

"பனி டாக்டர்."

"சாருக்கு?"

"கரும்பு டாக்டர்."

பிறகு நிதானமாகக் கேட்டார். "டெஸ்ட்ட எப்படி எடுக்கீங்கன்னு சொல்லுங்க பாப்போம்."

கேட்டாரே என்று ஆசை ஆசையாகச் சொன்னேன். எண்ணெய்க் குளியல், நொச்சி ஆவி, மூக்கைச் சீந்துவது, உப்புத் தண்ணீர் அலசல், கொப்பளிப்பு. சொல்லிக்கொண்டே போகும்போது அந்தப் பக்கம் ஏதோ சத்தம் வந்தது. முதலில் டாக்டரம்மா இருமுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார்!

"அம்மா... கிருமி இருக்கான்னு பாக்கத்தான் குச்சிய விடுதோம். நீங்க அத அடிச்சுத் தொரத்திட்டு, கழுவிச் சுத்தம் பண்ணிட்டு, அப்புறம் போய்த் தேடுனா எங்கயிருந்து கெடைக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. "சுத்தம் தப்பா டாக்டர்?"

"தப்பே இல்ல. டெஸ்ட்டுக்கு அப்புறம் குளிங்க. இன்னொண்ணும் கேளுங்க. இந்தக் கிட்டு 'இருக்கு'ன்னு சொன்னா நம்பலாம். 'இல்ல'ன்னு சொன்னா அப்படியே நம்பிரக் கூடாது. எவ்வளவு ஒழுங்கா எடுத்தாலும் சில சமயம் விட்டுரும். அதுலயும் இந்தப் புது வகையில மொதல்ல தொண்ட வலிக்கும், கோடு வரதுக்கு ரெண்டு மூணு நாள் பிந்தலாம். நாளைக்குக் காலைல எந்திரிச்ச ஒடனே, முகம்கூடக் கழுவாம எடுங்க. எடுத்துட்டு உண்மையச் சொல்லுங்க. சங்கரியோட விஷயம்."

போனை வைத்த பிறகும் மனசு ஆறவில்லை. விடுதியில் புதிதாக வந்த காப்பாளர்கள் போர்வைக்குள் உருவத்தைப் பார்த்துவிட்டு 'தூங்குகிறாள்' என்று வருகைப் பதிவில் டிக் போட்டுவிடுவார்கள். போர்வையை விலக்கிப் பார்த்தால் தலையணை இருக்கும், பிள்ளை செகண்ட் ஷோவில் இருப்பாள். எத்தனை பேரை நிற்க வைத்துக் கேட்டிருக்கிறேன், கண்ணால் பார்க்காமல் எப்படி டிக் போட்டாய் என்று.

எனக்கு ஒன்றும் இல்லை. பனிதான். நாளைக்கு நிரூபிக்கிறேன்.

ஜனவரி 27, வியாழன்

எழுந்ததும் எழுதவில்லை. எல்லாம் முடிந்து இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

விடியற்காலையிலேயே எழுந்து, பல்லில் தண்ணீர் படாமல், முகத்தில் தூக்கம் ஒட்டியபடி குச்சியை விட்டேன். என்னை நானே பார்க்கச் சகிக்கவில்லை. சொட்டு விட்டு வைத்துவிட்டு அரிசி களைந்தேன். திரும்பி வந்து பார்த்தேன். ஒரு கோடு. அதன் பக்கத்தில் இளஞ்சிவப்பாக ஒரு நிழல்.

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கோடு. கழற்றிப் பார்த்தேன், நிழல். வாசலுக்குக் கொண்டு போனேன், கோடு. பூஜை அறைக்குக் கொண்டு போனேன், அங்கேயும் கோடு. சுவாமிக்குக்கூட இரக்கம் இல்லை.

தூங்கிக்கொண்டிருந்த இவர் மூக்கில் இன்னொரு குச்சியை விட்டேன். பதறி எழுந்து உட்கார்ந்தார். இவருக்கு நிழலும் இல்லை கிழலும் இல்லை, ரயில் தண்டவாளம் மாதிரி இரண்டு கோடு.

அந்த நேரம் பார்த்து சங்கரி கூப்பிட்டாள். "எம்மா, வண்டில ஏறிட்டோம். அத்தையும் வாராங்க. எனக்கு ஒன் புளிசாதம் ரெண்டு தட்டு வேணும், இப்பமே சொல்லிட்டேன்." சிரிப்பு அவளுக்கு. நான் "வா மக்கா" என்றேன்.

ஒரு கிட் மிச்சம் இருந்தது. கிட்டின் தரத்தைச் சோதிக்க வேண்டும் என்பதற்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை, போய் எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். ஆவி பிடித்தேன். சீந்தினேன், அலசினேன், கொப்பளித்தேன். எடுத்தேன். ஒரே கோடு. வகிடு எடுத்த மாதிரி.

மேசை மேல் இரண்டும் கிடந்தன. குளிக்காத செண்பகவல்லிக்கு இருக்கிறது, குளித்த செண்பகவல்லிக்கு இல்லை.

குளித்தவளின் கிட்டைப் போட்டோ எடுத்தேன். பேராச்சி மைனிக்கு அனுப்ப எல்லாம் தயார், விரல் வைக்க வேண்டியதுதான் பாக்கி. தலைமாட்டில் வளையல் பெட்டி. அடுக்களையில் ஐந்து வகைச் சோறு. என் பிள்ளையை நான் பார்த்து இரண்டு மாதம் ஆகிறது. வயிறு எவ்வளவு பெரிசாக இருக்கிறது என்று போனில்தான் தெரியும். மாஸ்க் போட்டுக்கொண்டு, வளையலை மட்டும் போட்டுவிட்டு, தள்ளி நின்றால் என்ன? யார் கண்டது?

இவர் கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்தார். வாய் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்க மாட்டார். இருமினார், அவ்வளவுதான்.

அந்த இருமலைக் கேட்டதும் பொங்கல் அன்றைக்குப் பேராச்சி பேசினது ஞாபகம் வந்தது. "வாசல்ல வச்சுட்டு வந்துருதேனே" என்றாளே. நான் விட்டேனா?

அனுப்பவில்லை. கூப்பிட்டேன்.

"சொல்லுங்க மைனி, வல்லநாட்டுக்கிட்ட வந்துட்டோம்" என்றாள் பேராச்சி. பின்னால் சங்கரி ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"வண்டியத் திருப்பச் சொல்லுங்க மைனி."

"என்னாச்சு?"

"ரெண்டு கோடு. எனக்கும் இவருக்கும்."

பாட்டு நின்றுவிட்டது. பேராச்சி மெதுவாகக் கேட்டாள். "நல்லாத் தெரியுதா மைனி? இல்ல லேசாத்தானா?"

பழிக்குப் பழி என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. நான் 'லேசாத்தான்' என்று சொன்னால் 'அப்பம் வாரோம்' என்று சொல்லிவிடலாமா என்று அவளும் ஏங்குகிறாள். குரலில் தெரிந்தது.

"லேசான கோடும் கோடுதான் மைனி" என்றேன். சொல்லிவிட்டு வளையல் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"எம்மா" என்றாள் சங்கரி.

திரும்பித் தூத்துக்குடி போய்ச் சேர்வதற்குள் நல்ல நேரம் தாண்டிவிடும். என்ன செய்வது என்று மாப்பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும்போதே பேராச்சி சொன்னாள். "ஓரமா நிப்பாட்டுய்யா. இங்கேயே போட்டுருவோம்."

"வளையல் இங்கல்லா இருக்கு!" என்று கத்தினேன்.

"எங்கிட்டயும் ஒரு செட்டு இருக்கு மைனி."

"உங்ககிட்ட எதுக்கு?"

அவள் அவசரமாக மாப்பிள்ளைக்கு வழி சொல்ல ஆரம்பித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. களவாணி! வண்டி என் வாசலுக்கு வருவதற்கு முன்னாலேயே வழியில் முதல் வளையலைப் போட்டுவிடத் திட்டம் வைத்திருக்கிறாள். எத்தனை பிள்ளைகளைக் கையும் களவுமாகப் பிடித்தவள் நான், இவளைக் கோட்டை விட்டேன்.

வல்லநாட்டு ரோட்டோரத்தில் ஒரு வேப்பமரம். பக்கத்தில் வெளிமான் சரணாலயப் பலகை. மாப்பிள்ளை வீடியோவைப் போட்டுப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சங்கரி பட்டுச் சேலையில் கார்க் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். வயிறு மடியை நிறைத்துக்கொண்டு இருந்தது. கடந்து போகிற லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்து வாழ்த்திவிட்டுப் போனான். இந்தப் பக்கம் நான் தலை ஈரம் காயாமல் ஒரு நாற்காலியில், இவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு என் பின்னால்.

பேராச்சி சந்தனம் பூசி, குங்குமம் வைத்தாள். பச்சை வளையல் ஒன்றை எடுத்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போனேன்.

"மைனி, நல்லாப் பாருங்க" என்றாள். "இது நீங்க போடுதது. கையி மட்டுந்தான் என்னுது. ரெண்டாவதுதான் நான்."

போட்டாள். அப்புறம் இன்னொன்றை எடுத்து, "இது மாமியா" என்று சொல்லிப் போட்டாள்.

சங்கரி அந்த முதல் வளையலை மட்டும் போனுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து ஆட்டிக் காட்டினாள். சத்தம் கேட்டது. எனக்குக் கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. கண்ணில் நீர் வடிவதும் ஒரு அறிகுறியா என்று டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டும்.

ஜனவரி 28, வெள்ளி

ஐந்து வகைச் சோறும் ஒரே ருசியாக இருக்கிறது. இவருக்கும் அப்படித்தானாம். எஸ்தர் டீச்சருக்கு இந்த முறை கொடுத்தனுப்பவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அவர்தான் ரசம் வைத்துத் தருகிறார். வாங்கிக் குடித்தோம். உப்புச் சரியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

ஜனவரி 31, திங்கள்

இரண்டு கோடு. எங்களுக்குத்தான், எஸ்தர் டீச்சர் வாங்கித் தந்த புது கிட்டில். சங்கரி வீட்டில் எல்லாருக்கும் ஒரே கோடு, இரண்டாவது முறையும் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். அது போதும்.

பிப்ரவரி 4, வெள்ளி

இவர் இன்று சாம்பாரில் புளி அதிகம் என்றார். குணமாகிவிட்டார்.

பிப்ரவரி 9, புதன்

நேற்று முன்தினம் எங்கள் இருவருக்கும் ஒரே கோடு. நேற்றும் ஒரே கோடு. இரண்டும் எழுந்த முகத்தோடு எடுத்தது. வீட்டைக் கழுவித் துடைத்தாயிற்று. டாக்டரம்மா அனுமதி கொடுத்துவிட்டார், போய்ப் பிள்ளையைக் கூட்டிவரலாம். ஆனால் பேராச்சி மைனி போனில் ஒரு நிபந்தனை போட்டாள். அவள் கண் முன்னால் ஒரு தடவை எடுத்துக் காட்ட வேண்டுமாம். சட்டம் போட்டவள் நான், மறுக்க முடியுமா?

காலையில் எழுந்ததும் சேலையை மட்டும் மாற்றிக்கொண்டு, மாஸ்க்கை இறுக்கிப் போட்டு, முதல் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டாள். தலை வாரவில்லை, நெற்றியில் பொட்டு இல்லை. என் விடுதிப் பிள்ளைகள் யாராவது பார்த்திருந்தால் என் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

சங்கரி வீட்டு வாசல் கேட்டுக்கு அந்தப் பக்கம் பேராச்சி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கிட். இந்தப் பக்கம் எனக்கு ஒரு நாற்காலி. ஜன்னலில் சங்கரியின் முகம், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"குளிச்சியளா மைனி?" என்றாள் பேராச்சி. காப்பாளர் உத்தியோகத்துக்கே பிறந்தவள் மாதிரி ஒரு குரல்.

"இல்ல மைனி."

"ஆவி பிடிச்சியளா?"

"இல்ல."

"வாய் கொப்பளிச்சியளா?"

"பல்லுகூட வெளக்கல மைனி. போதுமா?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. தெருவில் போன தயிர்க்காரி நின்று கேட்டுவிட்டுப் போனாள்.

கம்பிக்கு நடுவே குச்சியை நீட்டினாள். விட்டுச் சுழற்றிக் கொடுத்தேன். சொட்டு விட்டு, கிட்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் கிட்டை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். கழற்றிப் பார்த்தாள். எழுந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பி நிழலில் வைத்துப் பார்த்தாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"ஒரே கோடுதான்" என்றாள் கடைசியில். "பக்கத்துல லேசாக்கூட ஒண்ணுமில்ல."

கேட்டைத் திறந்தாள். நான் ஒரே ஓட்டமாக ஜன்னல் பக்கம் போனேன். கையை நீட்டிவிட்டேன். பேராச்சி குறுக்கே வந்து நின்றுகொண்டாள்.

"எங்க போறிய? மொதல்ல போயிக் குளிங்க மைனி. வெந்நி போட்டு வச்சிருக்கேன். பிள்ளையத் தொடணும்லா."